வெட்டி எறிந்த வாக்கியங்கள்

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச் முடிந்து வந்து, கட்டியிருந்த புடவையைக்கூட மாற்றாமல் குக்கரை ஏற்றியிருந்தேன். சேலையூரில் எங்கள் தெருவுக்கு அந்த நேரத்தில் ஹெல்மெட்டோடு வருகிறவர்கள் எல்லாரும் பிரியாணி கொண்டுவருகிறவர்கள்தான்.

"பக்கத்து வீடும்மா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"ஆன்ட்டி, நான் செல்வி. கன்னியம்மா பொண்ணு."

ஹெல்மெட்டைக் கழற்றினாள். பள்ளிச் சீருடையில் இரண்டு தடவை பார்த்த முகம். இப்போது கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிற வயது. கன்னியம்மா என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன்.

"அம்மா எப்படி இருக்காங்க? அவங்களையும் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமே," என்றேன்.

"அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு ஆன்ட்டி."

மாடம்பாக்கம் என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். எட்டு மாதமாக எனக்குத் தெரியாது.

செல்வியை உள்ளே அழைத்து ஃபேனைப் போட்டேன். தண்ணீர் குடித்தாள். நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்ப்பதாகவும், அங்கேயே ஃபிளாட் எடுத்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா வாய்ஸ் என்கிட்ட ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி. ஃபோன் மாத்தும்போது பேக்கப் எடுக்கல, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போயிடுச்சு. ஃபோட்டோ இருக்கு, முகம் பார்த்துக்கலாம். குரல்தான் ஒருநாள் ஞாபகம் வருது, ஒருநாள் வரமாட்டேங்குது. அம்மா உங்க வீட்டுக்கு வந்து மைக்ல பேசுவாங்கல்ல. உங்ககிட்ட கண்டிப்பா இருக்கும்னு வந்தேன்."

"இருக்கே," என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

எப்போதும் யாரோ அடிக்கிறார்கள்

இந்தத் தொடரில் அண்ணன்களைப் பற்றியும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், முப்பது வருடம் பார்த்த வேலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு கல்லூரியில் நான் மொழியியல் நடத்தினேன், ஆராய்ந்தது வேற்றுமை உருபு. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் மெதுவாகப் பாயசத்தின் பக்கம் நகர்ந்துவிடுவார்.

எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான். ஐ, ஆல், கு, இன், அது, கண். ஒரு காரியம் நடந்தால் அதைச் செய்தவர் யார், பட்டவர் யார், யாருக்காக, எதைக்கொண்டு, எங்கே என்பதெல்லாம் கேட்பவருக்குக் குழப்பமில்லாமல் போய்ச் சேர வேண்டும். உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கவலை உண்டு. தமிழ் பெயரின் வாலில் ஓர் உருபை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. 'பூனை நாயைக் கடித்தது' என்பதை 'நாயைப் பூனை கடித்தது' என்று மாற்றிப் போட்டாலும் கடிபட்டது நாய்தான். ஆங்கிலத்தில் அப்படி இடம் மாற்றினால் வம்பு, கடிபட்டது கடித்ததாகிவிடும்.

ஃபின்லாந்துக்காரர்கள் வீட்டுக்குள் இருப்பதற்கு ஒன்று, வீட்டுக்குள் போவதற்கு ஒன்று, உள்ளேயிருந்து வெளியே வருவதற்கு ஒன்று என்று வைத்துப் பதினைந்து வேற்றுமை வரை போகிறார்கள். இன்னும் சில மொழிகளில் தூங்கியவரும் அடிபட்டவரும் ஒரே கோலத்தில் நிற்பார்கள், அடித்தவருக்கு மட்டும் தனி அடையாளம். இந்தியில்கூட ஒருவர் ஒன்றைச் செய்து முடித்ததாகச் சொல்லும்போது அவர் பெயருக்குப் பின்னால் ஒரு 'நே' வந்து ஒட்டிக்கொள்ளும். ரயிலில் வடக்கே போனவர்கள் கேட்டிருப்பார்கள்.

உருபு எப்படி இருந்தாலும் அடியில் இருக்கிற உறவுகள் எல்லா மொழிக்கும் பொது என்று எங்கள் ஆட்களில் ஒரு கட்சி சொல்லும். அதெல்லாம் மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு, ஒவ்வொரு மொழியையும் அது பேசப்படுகிற வீட்டுக்கே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொரு கட்சி சொல்லும். நான் இரண்டாவது கட்சி. அதில் கோஷம் போடுகிற ரகம்.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேற்றுமை நடத்துகிற வகுப்பில் யாராவது யாரையாவது அடித்துக்கொண்டே இருப்பார்கள். அடித்தான், உடைத்தான், வெட்டினான். செய்தவரும் பட்டவரும் பளிச்சென்று தெரிகிற வினைச்சொல் வேண்டும், அதற்குத்தான்.

கன்னியம்மா ஒப்பந்தத்தில் எங்கள் துறையைப் பெருக்கித் துடைக்க வந்தவர். ஐந்தாவது வரை படித்தவர். ஒருநாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'பையன் நாயைக் கல்லால் அடித்தான்.'

"இன்னா டீச்சர், அந்த நாயி இன்னா பண்ணுச்சு? எதுக்கு அட்ச்சான்?"

"சும்மா ஒரு உதாரணம்தான் கன்னியம்மா."

"சும்மாவா அட்ச்சான்? நல்லா கீதே."

எந்த மாணவரும் எந்த வருடமும் கேட்காத கேள்வி அது. எனக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது. பேச்சைவிட முதலில் ஆளைத்தான் பிடித்தது என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. உண்மையில் என் காது 'கீதே'யில்தான் நின்றது.

ஏதோ ஒரு பொண்ணு

அப்போது நான் சென்னைப் பேச்சில் உருபுகள் என்ன ஆகின்றன என்று தேடிக்கொண்டிருந்தேன். 'என்னிடம்' என்று எழுதுகிறோம். 'என்கிட்ட' என்று பேசுகிறோம். கன்னியம்மா 'என்னாண்ட' என்பார். அண்டை என்ற பழைய சொல் நாக்கில் புரண்டு புரண்டு தேய்ந்து, கண்ணெதிரே உருபாகிக்கொண்டிருக்கிறது. உருபுகள் பிறக்கிற வழியே அநேகமாக இதுதான், முழுச் சொல்லாக இருந்தவை தேய்ந்து வாலாகின்றன. அது நடக்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கிடைப்பது என் தொழிலில் பெரிய பாக்கியம்.

செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் கன்னியம்மா என் வீட்டுக்கு வருவார். பேசப்படுகிற வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கோஷம் போட்டவள், பேசுகிறவரை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வரவழைத்தேன். அந்தக் கேலிக்கூத்து அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒலிப்பதிவுக்காக ஜன்னலைச் சாத்துவேன், ஃபேனை நிறுத்துவேன். இரண்டு பேரும் வியர்த்து வழிய எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவர் கையில் ஃபினாயில் வாசனையும் தலையில் கனகாம்பரமும் இருக்கும். விமானப்படைத் தளத்திலிருந்து சின்ன விமானம் ஒன்று மொட்டைமாடியை உரசுகிற மாதிரி போகும். அது போகிறவரை காத்திருந்து, மறுபடி ஆரம்பிப்போம்.

வேலை இதுதான். நான் எழுத்துத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர் அதைத் தன் பேச்சில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று முறை. 'அண்ணன் தம்பிக்கு மாம்பழம் கொடுத்தான்' என்பேன். "அண்ணங்காரன் தம்பிக்கு மாம்பயம் குட்த்தான்," என்பார். எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் அவர் அங்கே நிற்க மாட்டார்.

"குட்த்தான், செரி. அவன் துன்னானா, இல்ல அவன் பொண்டாட்டிக்கு எட்துகினு பூட்டானா? அத்த சொல்ல மாட்ட நீ."

முதல் மாதம் 'நீங்க' என்றவர், இரண்டாம் மாதம் 'நீ'க்கு வந்திருந்தார். எனக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

பெரிய தகராறு செல்வியால் வந்தது. 'ஒரு பெண் பள்ளிக்குப் போகிறாள்' என்பேன். "செல்வி இஸ்கூலுக்குப் போவுது," என்பார். 'பெண்ணுக்குப் பசிக்கிறது' என்பேன். "செல்விக்குப் பசிக்குது," என்பார். 'மாம்பழம் தின்றான்' என்று உருபில்லாமல் சொல்லலாம், 'செல்வி பார்த்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆளின் பெயர் வந்தால் உருபு வேறு மாதிரி நடந்துகொள்ளும், பட்டியல் கெட்டுப்போகும். ஆகவே பெண், பையன், நாய், மாம்பழம், கத்தி என்று அளந்து எடுத்த சொற்களைத் தவிர வேறு எதையும் நான் அனுமதிப்பதில்லை.

"பேர் வேணாம் கன்னியம்மா. 'ஒரு பொண்ணு'ன்னு மட்டும் சொல்லுங்க."

"எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணும் இல்ல. ஏதோ ஒரு பொண்ணு."

"ஏதோ ஒரு பொண்ணு வயிறு காயுதுன்னு நான் ஏன் டீச்சர் சொல்லணும்? என் பொண்ணு வூட்ல குந்திகினு கீது, அதுக்குப் பசிக்குதான்னு நான் ரோசன பண்ணிகினு கீறேன்."

எனக்கு முன்கோபம் அதிகம். மேஜையில் பேனாவைத் தட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி, "ஒரு பொண்ணுக்குப் பசிக்குது," என்றார். மூன்று முறை சொன்னார்.

அவர் போனதும் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். எங்கள் தொழிலில் அது ஒரு சடங்கு. நல்ல வாக்கியம் ஒவ்வொன்றையும் தனித் துண்டாக வெட்டி, எண் கொடுத்துச் சேமிக்க வேண்டும். இருமல், டீ உறிஞ்சும் சத்தம், விமானம், பக்கத்து வீட்டுச் சண்டை, செல்வி எல்லாம் குப்பை. வெட்டுவதற்கு முன்னால் முழு ஒலிப்பதிவுக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொன்னவள் நான்தான். ரெக்கார்டரில் போட என்னிடம் இருந்தது ஒரே மெமரி கார்டு. வெள்ளிக்கிழமைக்கு அது காலியாக வேண்டும். துண்டுகள் முடிந்ததும் மிச்சத்தை அழித்துவிடுவேன்.

வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் என் துண்டுகளைக் கேட்டுவிட்டு, இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லை என்றார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

வருகிறவை

என் பாடங்களிலேயே எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தமிழில் 'நான் பசிக்கிறேன்' என்று சொல்ல முடியாது. 'எனக்குப் பசிக்கிறது' என்றுதான் சொல்ல முடியும். பசி, தூக்கம், வலி, கோபம், ஞாபகம் எதையும் நாம் செய்வதில்லை, அவை நமக்கு வருகின்றன. நம் பக்கத்து மொழிகள் பலவும் இப்படித்தான். தொலைதூரத்திலும் இப்படிச் சில மொழிகள் உண்டு. மனிதருக்குள் நடப்பதற்கு மனிதர் முதலாளி இல்லை என்று வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் பிறந்த பாளையங்கோட்டைப் பக்கம் ஒருவர் இல்லாமல் மனசு கிடந்து அலைந்தால், 'எனக்கு அவங்களைத் தேடுது' என்போம். நானாகத் தேடவில்லை, எனக்குத் தேடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் எனக்குக் கன்னியம்மாவைத் தேடும். ஃபேனை நிறுத்திவிட்டு, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆட்டோவைப் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கலாம். முழங்கால் வலி என்றேன், மழை என்றேன், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றேன். எந்தத் தெரு என்பது மட்டும் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டதே இல்லை. அவர்தானே வந்துகொண்டிருந்தார்.

எண் ஒன்று

குக்கரை அணைத்துவிட்டு, பீரோவிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவந்து மாட்டினேன். அறுநூற்றுச் சொச்சம் துண்டுகள் வரிசையாகத் திரையில் வந்தன. செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் இப்போதே கலங்கியிருந்தது.

எண் ஒன்றை அழுத்தினேன்.

"நாயி குச்சியக் கட்ச்சிச்சு."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டேன். அண்ணன் மாம்பழம் கொடுத்தான். பையன் கத்தியால் கயிற்றை அறுத்தான். ஒரு பொண்ணுக்குப் பசிக்குது. ஒரு பொண்ணுக்குப் பசிக்குது. ஒரு பொண்ணுக்குப் பசிக்குது.

இருபது இருபத்தைந்து போனதும் அவள் கை வாயிலிருந்து இறங்கியது. முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு குழப்பம் வந்தது.

"இது அம்மா குரல்தான். ஆனா அம்மா இல்ல ஆன்ட்டி. ஸ்கூல்ல மிஸ் முன்னாடி நின்னு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். "நடுவுல பேசினது எங்க? அம்மா அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாங்களே."

"அது இருந்த கார்டு கெட்டுப்போச்சும்மா."

யோசிக்காமல் வந்துவிட்டது. அறுபது வயதுக்கு மேல், சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு, தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் பொய் சொன்னேன்.

செல்விக்கு முகம் தெளிந்தது. "பரவால்ல ஆன்ட்டி, கார்டைக் குடுங்க. எங்க டீம்ல ஒருத்தர் இருக்கார், எதுவா இருந்தாலும் ரிக்கவரி பண்ணிடுவார்."

நம்பிக்கையோடு கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் தொடர முடியவில்லை.

"கெடலம்மா. நான்தான் அழிச்சேன். ஒவ்வொரு வாரமும் அழிச்சு, அது மேலயே மறுபடி பதிவு பண்ணேன். கார்டும் இப்ப இல்ல."

"ஏன் ஆன்ட்டி?"

"எனக்குத் தேவைப்படல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். துண்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றேன். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றாள், வரமாட்டாள் என்று தெரிகிற குரலில். வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியவள் மறு காலில் மாட்டாமல் நின்றாள்.

"என்ன பேசுவாங்க? அது மட்டும் சொல்லுங்க."

"உன்னைப் பத்தித்தான்," என்றேன். பேர் வேண்டாம் என்று நான் தடுத்ததை, பேனாவைத் தட்டியதை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "பெண் வீட்டில் இருக்கிறாளான்னு ஒரு வாக்கியம் குடுத்தேன். அன்னைக்கு நீ ஸ்கூல் விட்டு வந்து தனியா இருக்கிறதா சொல்லிட்டிருந்தாங்க. நான் குடுத்ததை விட்டுட்டு, மைக்கைப் பார்த்து நேரா உன்கிட்டயே பேசினாங்க. செல்வி, வீட்டில்தான் இருக்கிறாயா, சாப்பிட்டாயா, அப்படின்னு."

"அப்படியா சொன்னாங்க?"

"அந்த அர்த்தத்துலதான்."

"அர்த்தம் எனக்கு வேணாம் ஆன்ட்டி. எப்படிச் சொன்னாங்களோ அப்படிச் சொல்லுங்க."

அந்தப் பேச்சைப் பற்றி மூன்று ஊர்களில் கட்டுரை வாசித்தவள் நான். அதன் ஒவ்வொரு ஒலிக்கும் குறியீடு போட்டவள். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட அதை நான் பேசியதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசினால் அம்மா வாயிலேயே போடுவாள். கன்னியம்மாவோடு அத்தனை சாயங்காலங்கள் உட்கார்ந்திருந்தும், அவர் பேச்சை அவருக்கு நான் திருப்பிக் கொடுத்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, எதற்கு வெட்கம் என்பதை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "செல்வி, வீட்லதான் கீறியா? தின்னுட்டியா?"

"வூட்ல," என்றாள் செல்வி. கோபமில்லாமல்தான் திருத்தினாள். "தின்னுட்டியா இல்ல ஆன்ட்டி. துன்ட்டியா."

செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"செல்வி, வூட்லதான் கீறியா? துன்ட்டியா?"

"துன்ட்டேம்மா," என்றாள். நாவலூர்க் குரல் இல்லை அது. பள்ளிச் சீருடைப் பெண்ணின் குரல். "நீ எப்ப வருவ?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தாள். அடுத்து கன்னியம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.